நடராஜா டீச்சர் பஸ் ஏறிய நாள்

நடராஜா டீச்சரைப் போல நடந்த மனுஷி புதுக்கோட்டைச் சீமையில் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை. சும்மா சொல்லவில்லை. ஊரிலிருந்து எந்தத் திசையில் பத்து மைல் போனாலும் அங்கே ஒரு பாறை இருக்கும். அந்தப் பாறையில் உட்கார்ந்து அவர் புளிச்சோறு சாப்பிட்டிருப்பார். ஆடு மேய்க்கிறவர்களே வழி தவறினால் அவரிடம்தான் கேட்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிக் கேட்டவர்கள் யாரும் அதே நாளில் வீடு திரும்பியதில்லை என்று இன்னொரு பேச்சும் உண்டு.

பஸ்ஸில் போகாமல் நடந்து போவதை ‘நடராஜா சர்வீஸ்’ என்று கேலி செய்வோம் இல்லையா, அதிலிருந்து வந்த பட்டம். நிஜப் பெயர் ஒன்றும் இருந்தது. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்போதெல்லாம் டீச்சரே, யாரையோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

சமஸ்தானம் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் கடைத்தெருவில் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் ‘மகாராஜா காலத்துல’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் டிரெயினிங் முடித்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புக்கு டீச்சராக வந்து சேர்ந்தேன். மற்ற டீச்சர்கள் எல்லாம் என்னைச் சுற்றி நின்றுகொண்டு எந்த ஊர், யார் வீட்டுப் பெண், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த, மடக்கிய குடை மாதிரி ஒல்லியாக, நெட்டையாக இருந்த ஒரு அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்தார்.

“செருப்பு இருக்கா?”

“போட்டிருக்கேனே டீச்சர்.”

“இது செருப்பில்ல புள்ள. கல்யாண வீட்டு வாசல்ல கழட்டிப்போடுறதுக்குன்னு செய்யிறது. ஞாயித்துக்கெழம என்ன பண்ணுற?”

“துணி தொவைப்பேன் டீச்சர்.”

“தொவைக்கிறதுக்குத்தான் மத்த ஆறு நாள் கெடக்கே. சித்தன்னவாசல் வாரியா? இந்தா இருக்கு.”

நான் ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்காட்டில் ஓடித் திரிந்து வளர்ந்தவள். சூரைப்பழமும் காரைப்பழமும் எந்தப் புதரில் எப்போது பழுக்கும் என்று தெரிந்தவள். டவுனில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலை பார்க்க வந்த நாளிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். கால் இரண்டும் நமநமவென்று அரித்துக்கொண்டிருந்தன. யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தவளைப் போய் இந்த அம்மா கூப்பிட்டால்? சரி என்று சொல்லிவிட்டேன். ‘இந்தா இருக்கு’ என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு தெரிந்துகொண்டேன். டீச்சர் அகராதியில் ‘இந்தா இருக்கு’ என்றால் பத்து மைல். ‘செத்த தூரம்’ என்றால் பொழுது சாயும். ‘கொஞ்சம் நடக்கணும்’ என்றால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வயசுப் பெண் காடு மேடெல்லாம் சுற்றுவதா என்று குதித்தார். ஆனால் சித்தி அந்த டீச்சரிடம் படித்தவள். டீச்சர் வாசலில் வந்து நின்றால், சித்தி கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து, கைகட்டி நின்றுவிடுவாள். “புள்ளைய அழைச்சுக்கிட்டுப் போறேன்” என்று டீச்சர் சொல்வார். “சரிங்க டீச்சர்” என்று சித்தி சொல்வாள். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் நாங்கள் தெருமுனையைத் தாண்டியிருப்போம்.

டீச்சரின் உடுப்பைச் சொல்ல வேண்டும். புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிச் செருகியிருப்பார். காலில் லாரி டயரில் வெட்டித் தைத்த ஆம்பிளைச் செருப்பு. தோளில் காக்கிப் பை, ஒரு கையில் தண்ணீர்க் கூஜா, இன்னொரு கையில் கறுப்புக் குடை. அந்தக் குடையை வெயிலுக்கு விரித்து நான் பார்த்ததில்லை. திசை காட்ட, நாயை விரட்ட, முள்கிளையை ஒதுக்க, கிளாக்காய்க் கொத்தை வளைத்துப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒருநாள் குடுமியான்மலையில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. அவர் குடையை அவசரமாகப் புடவைத் தலைப்புக்குள் சொருகிக்கொண்டார்.

“டீச்சர், குடையை விரிங்க!”

“போடி, நனைஞ்சுபோயிரும்.”

அவர் பூகோள டீச்சர். வகுப்பில் சுவரில் மாட்டிய படத்தைக் காட்டிப் பாடம் சொல்வது அவருக்கு ஆகவே ஆகாது. “துணியில தொங்குறதப் பாத்தா எப்படி வெளங்கும்?” என்பார். ஒரு கோடையில் புதுக்குளம் வற்றிக் கரையோரம் சேறு அரைகுறையாகக் காய்ந்திருந்தபோது, எட்டாம் வகுப்பை அப்படியே கிளப்பிக்கொண்டு போய், அந்தச் சேற்றில் இந்தியாவைச் செய்ய வைத்தார். இமயமலைக்குக் களிமண், விந்திய மலைக்குக் கூழாங்கல், கங்கைக்குக் கூஜாத் தண்ணீர். காவிரியை மட்டும் தானே குனிந்து குடைக் கம்பியால் கீறினார். அதை வேறு யாரையும் தொடவிடவில்லை.

ஒரு வகுப்பையே காணோம் என்று தலைமை ஆசிரியை தேடிக்கொண்டு வந்துவிட்டார். கரையிலிருந்து இறங்கியவர் கால் புதையப் புதைய நின்றுகொண்டு, “எங்க உங்க கிளாஸ்?” என்று கத்தினார்.

“இந்தியாவுல இருக்காங்க மேடம். நீங்கதான் வங்காள விரிகுடாவுல நிக்கிறீங்க. செத்த இங்கிட்டு வாங்க, மெட்ராஸ் பக்கம் தரை நல்லாருக்கு.”

தலைமை ஆசிரியை பதில் சொல்வதற்குள் எருமை ஒன்று நிதானமாக நடந்து வந்து இலங்கையின் மேல் படுத்துக்கொண்டது. பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வருடப் பரீட்சையில், இலங்கையின் வடிவம் என்ன என்ற கேள்விக்கு ஒருத்தி ‘எருமை படுத்தாற்போல் இருக்கும்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் முழு மார்க் போட்டார்.

பஸ்ஸைப் பற்றி அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. ஏற மாட்டார். அவ்வளவுதான். கண்டக்டர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ரோட்டோரம் நாங்கள் போவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, “ஏறிக்குங்க டீச்சர், ஒக்காந்து போகலாம்” என்பார்கள்.

“வேணாம்ப்பா. எனக்கு அவசரமா போகணும்.”

அது சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் திருமயம் போகிற வழியில் ஒருநாள், அப்படி எங்களைக் கூப்பிட்டுவிட்டுத் தூசி கிளப்பிக்கொண்டு போன பஸ், மூன்றாவது மைலில் வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு நின்றிருந்தது. பிரயாணிகள் எல்லாம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நடையைக் குறைக்காமல் கண்டக்டரைப் பார்த்து, “கோட்டையில இருக்கோம். மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வைத்து ஒரு திருவிழா நடத்தியிருக்கலாம்.

இந்த மாதிரி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. நான் அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்லி மாளாது. மலை ஏறும்போது பேசக்கூடாது, உச்சியில் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசக்கூடாது, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஏறுவதே என்பது அவர் கட்சி. நானும் அவருக்கு ஒன்றிரண்டு கற்றுக்கொடுத்தேன். மரம் ஏறுவது, ஈச்சங்குருத்து உரிப்பது. மரத்தில் பாதி ஏறி மாட்டிக்கொண்டு, “ஏம்புள்ள, மேல போறதா கீழ வாரதா?” என்று அவர் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அப்போதுதான் எனக்குச் சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை கீரனூர் தாலுகா ஆபீசில் கிளார்க். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்பதைவிட, இனிமேல் என்னை மலைக்கு விடுவார்களா என்பதுதான் எனக்குக் கவலை. அதை யாரிடம் கேட்பது? கேட்டால்தான் என்ன சொல்வார்கள்? கல்யாணமான பெண் பாறை மேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவதை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. போனால் போகிறது, அன்றைக்குக் காலையில் கடைசியாக ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. டீச்சரிடம் சொன்னேன்.

“நாலு மணிக்குத்தான? நார்த்தாமலை போயிட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிறலாம். இந்தா இருக்கு.”

விடியும் முன்னே வாசலில் வந்து நின்றார். சித்தி எழுந்து கைகட்டி நின்றாள். அன்றைக்கும் “சரிங்க டீச்சர்” என்றுதான் சொன்னாள். ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது.

நார்த்தாமலைக் குன்றுகளில் ஒன்றான மேலமலையில் ஏறி, சோழர் காலத்துக் கற்கோயிலைப் பார்த்துவிட்டு, சுனையில் முகம் கழுவி எல்லாம் ஆயிற்று. திரும்ப வேண்டிய நேரத்தில் டீச்சர் மேலே தொங்குகிற பாறையைக் காட்டி, “அங்க பாத்தியா, எத்தன பெரிய தேனடை!” என்று குடையை நீட்டினார். அத்தனை வருடம் மழைக்கும் வெயிலுக்கும் விரியாத குடை, அந்த நிமிஷத்தில் பட்டென்று தானாக விரிந்தது.

தேனீயைப் பற்றி டீச்சர் எனக்குப் பல தடவை பாடம் எடுத்திருக்கிறார். தேனீ கிளம்பினால் ஓடவே கூடாது. அசையாமல் மரம் மாதிரி நிற்க வேண்டும். அதன்படி நான் மரம் மாதிரி நின்றேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் டீச்சரைக் காணோம். டயர் செருப்பு மட்டும் கிடந்தது.

நானும் ஓடினேன். பக்கத்திலிருந்த குடைவரைக்குள் நுழைந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே, விரிந்த குடைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருந்தார்.

“மரம் மாதிரி நிக்கணும்னீங்களே டீச்சர்!”

“மரம் ஓடாதுன்னு எவ சொன்னா? வா உள்ள!”

வெளியே தேனீக்கள் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தன. அவை அடங்கி, நாங்கள் தலையை நீட்டும்போது உச்சி வெயில் சாய ஆரம்பித்திருந்தது. டீச்சரை ஒரு தேனீகூடத் தொடவில்லை. என்னைக் கன்னத்தில் ஒன்று, இமைக்கு மேல் ஒன்று. இடது பக்க முகம் குழிப்பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. முள்ளுக்குள் விழுந்து ஓடியதில் புடவை முழுக்க ஒட்டுப்புல். ஒரு பக்கம் கரை கிழிந்து தொங்கியது.

டீச்சர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஓடினாரே, அதைச் சொல்லவில்லை. ஓடியதெல்லாம் உற்சாகமாகத்தான் ஓடினார். இது வேறு.

“வள்ளிக்கண்ணு” என்றார். பேர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே அபூர்வம். “நான் ஒன் காரியத்தக் கெடுத்துட்டேனா?”

“ஒண்ணும் இல்ல டீச்சர். இந்தா இருக்கு, நடந்துருவோம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்தார். நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார்.

“வா, பஸ்ல போவோம்.”

நார்த்தாமலை விலக்கில் வந்து நின்றோம். கீரனூரிலிருந்து வந்த பஸ் நின்றது. டீச்சர் படியில் கால் வைத்ததும் கண்டக்டர் விசில் அடிக்க மறந்துவிட்டார். “அண்ணே, நடராஜா டீச்சர் ஏறிட்டாங்க!” என்று டிரைவரிடம் கத்தினார். டிரைவர் நம்பாமல் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார். டீச்சர் யார் முகத்தையும் பார்க்காமல், தண்டனை வாங்கப் போகிற மாணவி மாதிரி போய், என்னை உள்ளே தள்ளிவிட்டுப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார்.

அந்த சீட்டில் ஜன்னலோரம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். பட்டுக்கரைப் புடவை, மடியில் பூவும் பழமும் வைத்த கூடை. என் முகத்தைப் பார்த்ததும், “அய்யய்யோ, என்னத்தா இது? தேனீயா?” என்று கேட்டுக்கொண்டே, நான் பதில் சொல்வதற்குள் சுருக்குப் பையைத் திறந்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் எடுத்துக் கன்னத்திலும் இமைக்கு மேலும் தடவிவிட்டார். “எரியும். பொறுத்துக்க. செத்த நேரத்துல கேட்டுரும்.” அப்புறம் என் புடவையிலிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஜன்னல் வழியாகப் போட ஆரம்பித்தார். யாரோ முன்பின் தெரியாதவள், ஏன் இப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை.

டீச்சருக்குச் சும்மா இருக்க முடியாது. “எங்கங்க, டவுனுக்கா?” என்றார்.

“ஆமாங்க. மகனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். இந்தா முன் சீட்டுல ஒக்காந்திருக்கானே, அவந்தான்.”

முன்னால் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை ஒன்று தெரிந்தது.

“பொண்ணு என்ன பண்ணுது?” என்று டீச்சர் கேட்டார். குரல் உள்ளே போய்விட்டது.

“டீச்சராம். சித்தப்பா வீட்டுல இருக்காம். தரகர் ஒசத்தியாச் சொன்னாரு. பள்ளிக்கூடம் விட்டா வீடாம். வெயில்லயே தலை காட்டாதாம். அதனால நல்லா செவப்பா இருக்குமாம்.”

சுண்ணாம்பின் புண்ணியத்தில் என் முகத்தில் பாதி அப்போது நல்ல வெள்ளையாகவே இருந்தது.

டீச்சர் என் தொடையைக் கிள்ளினார். காதருகே வந்து, “அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவோம். குறுக்கு வழி தெரியும். பின் வாசல் வழியாப் போயி மொகத்தக் கழுவிட்டு ஒக்காந்துரு. இவங்களுக்கு அடையாளம் தெரியாது” என்றார். தெரியாமல் எப்படிப் போகும்? பணியாரத்தை எங்கே ஒளித்து வைப்பது? ஆனால் நான் யோசித்தது அதை அல்ல. அந்த அம்மா குனிந்து இன்னும் என் கொசுவத்திலிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் முகத்தை மறைத்துக்கொண்டு இறங்கி ஓட எனக்கு மனசு வரவில்லை. எத்தனை நாளைக்கு ஓடுவது?

“அந்தப் பொண்ணு நாந்தாங்க” என்றேன்.

புல் பிடுங்கிய கை நின்றது. முன் சீட்டுத் தலை மெல்லத் திரும்பியது. கண்ணாடி போட்ட முகம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. டீச்சர் குடையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“தப்பு என்மேலதாங்க” என்று ஆரம்பித்தார் டீச்சர். “புள்ள நல்ல புள்ள. நாந்தான் மலைக்கு அழைச்சுக்கிட்டுப் போனேன்.”

“இல்லங்க, நானேதான் வந்தேன்” என்றேன். “வாரா வாரம் போவோம்.”

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேலமலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“அந்த மலை மேலயா போனீங்க?”

“ஆமாங்க.”

“மேல என்ன இருக்கு?”

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. “என்னங்க?”

“இல்ல, வருசா வருசம் மாரியம்மன் கோயிலுக்கு வாரேன். கோயிலோட திரும்பிருவோம். இருவது வருசமா இந்த பஸ்ல போறப்ப வாரப்ப எல்லாம் அதப் பாக்குறேன். மேல என்னதான் இருக்குன்னு யாருகிட்டயும் கேட்டதில்ல. கேட்டா சிரிப்பாங்க.”

கேட்டாரே ஒரு கேள்வி! டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுனை, கோயில், பாறையில் வரிவரியாகத் தண்ணீர் இறங்கிய தடம், சாயங்காலக் காற்று என்று டவுன் வரும் வரைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டருக்குக் குடைமுனை இரண்டு தடவை விலாவில் பட்டது. அவர் கேட்காமலேயே போய்விட்டார்.

நாங்கள் முன்னே ஓடிப் போய்ச் சேர்ந்தோம். சித்தி என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். சித்தப்பா வாசலில் நின்று வரவேற்று, உட்கார வைத்து, சொஜ்ஜி பஜ்ஜி கொடுத்து, நான் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“புள்ளைக்கு ரெண்டு நாளா பல்லு வலிங்க. அதான் மொகம் செத்த வீங்கிருக்கு.”

“ஆமாமா” என்றார் அந்த அம்மா, பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே. “பல்லுலதான் கொட்டிருக்கு.”

சித்தப்பாவுக்கு எதுவும் விளங்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து சிரிப்பை அடக்கியதில் காபி மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை இதுதான்:

“எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு, எனக்கு நடக்குறது ஒத்துக்காது.”

“ஒன்னைய யார்ரா கூப்பிட்டா?” என்றார் அவருடைய அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, “ஞாயித்துக்கெழம போயிக்கிட்டே இரு ஆத்தா. நானும் வாரேன்” என்றார்.

வாசலில் நின்றிருந்த டீச்சர் சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வெயில் இல்லை, மழையும் இல்லை.

கல்யாணம் நடந்தது. சீக்கிரமே என் வீட்டுக்காரருக்குப் புதுக்கோட்டைக்கே மாற்றல் கிடைத்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிப்பார். டீச்சர், என் மாமியாரான அத்தை, நான் என்று மூன்று பெண்பிள்ளைகளும் கிளம்பிவிடுவோம். அத்தை முதல் தடவை நார்த்தாமலை ஏறியதை மறக்க முடியாது. வழியெல்லாம் பேசாமல் ஏறினார். உச்சியில் நின்று கீழே பார்த்தார். ரோட்டில் பஸ் ஒன்று தீப்பெட்டி மாதிரி ஊர்ந்து போயிற்று.

“அதுக்குள்ளயா இத்தன வருசம் ஒக்காந்திருந்தேன்?” என்றார். அப்படியே பாறையில் உட்கார்ந்து அழுதார், சிரித்தார். டீச்சர் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அதற்கு அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு ஓயவே இல்லை, சண்டைதான். இங்கிட்டுப் போகணும் என்பார் டீச்சர். அங்கிட்டுத்தான் வழி என்பார் அத்தை. பாறையில் வெற்றிலைச் சாறு துப்பினால் டீச்சருக்குக் கோபம் வரும். புளிச்சோற்றில் உப்புக் குறைந்தால் அத்தைக்குக் கோபம் வரும். ஒரு ஞாயிறு பேசாமல் பிரிந்து போவார்கள். அடுத்த ஞாயிறு விடியும் முன்னே இரண்டு பேரும் தெருமுனையில் எனக்காகக் காத்திருப்பார்கள்.

டீச்சர் ரிடையர் ஆகிச் சில வருடங்கள் கழித்து விழுந்துவிட்டார். அத்தனை மலை ஏறி இறங்கியவர், எதிலும் விழவில்லை. தன் வீட்டுக் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. நாங்கள் பதறிக்கொண்டு போனால், கட்டிலில் படுத்தபடி, “வீட்டுக்குள்ள இருக்குறது ஆபத்துன்னு நான் எத்தன தடவ சொல்லிருக்கேன்!” என்றார்.

அதற்கப்புறம் அவர் எழுந்து நடக்கவில்லை. எங்களை மட்டும் விடவில்லை. “எனக்காக நிக்காதீங்க, போயிட்டு வாங்க. வந்து சொல்லுங்க” என்று சொல்லிவிட்டார். நானும் அத்தையும் போவோம். சாயங்காலம் நேரே அவர் வீட்டுக்குப் போவோம். முகம்கூடக் கழுவியிருக்க மாட்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவோம். எந்தப் பக்கமாகப் போனீர்கள், குன்றாண்டார்கோவில் போகிற வழியில் அந்த ஆலமரம் இருக்கிறதா, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, மேலே காற்று எப்படி இருந்தது, எல்லாம் கேட்பார். சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொள்வார். போர்வைக்குள் கால் விரல்கள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். நாங்கள் ஏதாவது ஒரு இடத்தை விட்டுவிட்டுச் சொன்னால், “நில்லு, நில்லு. அந்த மேட்ட இன்னும் ஏறலியே” என்பார். திரும்பிப் போய் அந்த மேட்டை ஏறிவிட்டு வருவோம், பேச்சிலேயே.

அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அத்தை விடியும் முன்னே எழுந்து சோறு கட்டிவைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். இரண்டு பேரும் கிளம்பவில்லை. போகலாம்தான். எந்த மலைக்கும் வழி தெரியாமல் இல்லை. போய்விட்டு வந்து யாரிடம் சொல்வது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.